கார்டை டாக்டர் வாங்குறது இல்ல, ஆஸ்பத்திரி வாங்குது

வணக்கம், எல்லாரும் எப்படி இருக்கீங்க? ரெண்டு வாரமா நான் வீடியோவே போடல. வெண்டைக்காய் வீடியோ பாதியில நிக்குது, அது கிடக்கட்டும். இன்னைக்கு அப்பா விஷயம்தான். நேத்து சாயங்காலம் நாலே முக்காலுக்கு அப்ரூவல் வந்துருச்சுங்க! இதய ரத்தக்குழாய் அடைப்பை விரிச்சு வைக்கிற ஸ்டென்ட் இருக்குல்ல, அதை வைக்கிறதுக்கு, தமிழ்நாடு அரசோட முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலயே. நேத்துல இருந்து இதை யார்கிட்டயாவது சொல்லணும் சொல்லணும்னு இருந்துச்சு.

அப்பாவை உங்களுக்குத் தெரியும். மாடித்தோட்டத்துக்குத் தொட்டி கட்டுன வீடியோல பூசிக்கிட்டு இருந்தாரே, அவர்தான். நாப்பது வருஷம் கொத்தனார் வேலை. போன மாசம் மாடிப்படி ஏறும்போது பாதியில நின்னுட்டார். கையை நெஞ்சுல வச்சுக்கிட்டு, "ஒண்ணுமில்லத்தா, வாயு"ன்னார். இந்த "வாயு"ங்கிற வார்த்தை எனக்குச் சுத்தமா ஆகாது. எத்தனை பேர் அதைச் சொல்லியே நாளைக் கடத்துறாங்க! அன்னைக்கே ஈசிஜி, மறுநாள் எக்கோ. அப்புறம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில இதய டாக்டரைப் பார்த்தோம். அருமையான மனுஷன். பேப்பர்ல மூணு கோடு போட்டு, "ஐயா, இது மூணும் இதயத்துக்கு ரத்தம் போற பைப்பு. எதுல அடைப்புன்னு ஆஞ்சியோ பண்ணாத்தான் தெரியும்"னு கொத்தனாருக்குப் புரியுற மாதிரி சொன்னார். அப்பா அந்தப் பேப்பரை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டார்.

கோபம் எங்க வந்துச்சுன்னா, அங்க போறதுக்கு முன்னாடியே நான் போன் பண்ணிக் கேட்டுட்டேன், "முதலமைச்சர் காப்பீட்டு கார்டு எடுத்துக்கிறீங்களா?"ன்னு. "எடுத்துக்கிறோம் மேடம்"னாங்க. நம்பிப் போயாச்சு, 600 ரூபாய் ஓபி ஃபீஸும் கட்டியாச்சு. அட்மிஷன் போடப் போற நேரத்துல கவுன்ட்டர்ல சொல்றாங்க, "கார்டு இங்க எலும்பு ஆபரேஷனுக்கு மட்டும்தான், ஹார்ட்டுக்குக் கிடையாது." ஏங்க, போன்லயே அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம்ல? வயசானவரை வெயில்ல கூட்டிட்டுப் போயிருக்கோம். 600 ரூபாய் நமக்கு லேசான காசு இல்ல. அந்த ஃபீஸுக்குக் கார்டு செல்லாதுன்னு தெரியும், சும்மா போய் டாக்டரைப் பார்க்கிறதுக்குத் திட்டத்துல காசு வராது. ஆனா சரியான இடத்துல கட்டின 600ஆ அது இருந்திருக்கணும்ல?

அதனால தயவுசெஞ்சு கேள்வியை மாத்திக் கேளுங்க. "கார்டு எடுக்கிறீங்களா"ன்னு கேட்காதீங்க. "இதயப் பிரிவுக்குத் திட்டத்துல இருக்கீங்களா, இப்போ அட்மிஷன் போடுறீங்களா"ன்னு கேளுங்க. லிஸ்ட்ல ஆஸ்பத்திரி பேர் இருந்தா மட்டும் போதாது, எந்தப் பிரிவுக்குன்னு பார்க்கணும். இன்னொண்ணு, ஸ்டென்ட் வைக்கிறவர் இதய மருத்துவர். பைபாஸ் பண்றது, வால்வு மாத்துறது இதய அறுவை சிகிச்சை நிபுணர். ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருப்பாங்கன்னு இல்ல.

ஐயோ, கார்டு எடுத்த கதையைச் சொல்லாம தாண்டிட்டேன். வருமானச் சான்று வாங்கினது பழைய வீடியோல இருக்கு, இ-சேவையில 60 ரூபாய் கட்டி, விஏஓகிட்ட அலைஞ்சு வாங்கினோமே, அதேதான். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருக்கணும். அதையும் ரேஷன் கார்டு, ஆதாரையும் எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல காப்பீட்டு அறைக்குப் போனோம். கைரேகை வைக்கச் சொன்னாங்க. அப்பா பெருவிரலை வைக்கிறார், விழல. திருப்பி வைக்கிறார், விழல. நாப்பது வருஷச் சிமெண்ட்டுங்க, விரல்ல ரேகையே இல்ல, வழுவழுன்னு கிடக்கு. ஈரத்துணியால துடைச்சோம், இடது கை, நடுவிரல், எதுவும் விழல. பின்னாடி வரிசை நீண்டுக்கிட்டே போகுது, அப்பா முகம் சுருங்கிப்போச்சு. ஏதோ தப்பு பண்ணவர் மாதிரி கையைப் பின்னாடி கட்டிக்கிட்டார். எனக்குத் தொண்டையை அடைச்சிருச்சு. அங்க இருந்த பொண்ணு பதறவே இல்ல. "தாத்தா, மோதிர விரலை வைங்க, மெதுவா அமுக்குங்க"ன்னு தானே எழுந்து வந்து அவர் கையைப் பிடிச்சு வச்சுச்சு. பதினோராவது தடவையில விழுந்துச்சு! அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்.

அப்பா இன்னமும் அதைக் கலைஞர் கார்டுன்னுதான் சொல்வார். 2009ல அப்படித்தான் ஆரம்பிச்சது, 2012 ஜனவரியில முதலமைச்சர் திட்டமாச்சு, 2018ல மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டோட சேர்ந்துச்சு. இப்போ குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். ஆளுக்கு 5 லட்சம் இல்ல, மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து.

சரி, ஆஸ்பத்திரி எப்படிக் கிடைச்சதுன்னா, கோபத்தோட வீட்டுக்கு வந்ததும் 1800 425 3993க்குப் போட்டேன். இலவச நம்பர். மதுரையில இதயத்துக்கு எங்கெங்க இருக்குன்னு கேட்டு எழுதிக்கிட்டேன். நம்ம ராஜாஜி அரசு ஆஸ்பத்திரியிலயும் இந்தத் திட்டத்துல ஸ்டென்ட் வைக்கிறாங்க. அப்பாவுக்கு மட்டும் அந்த மூணு கோடு போட்ட டாக்டர்தான் வேணுமாம். பையில இருந்த பேப்பரை எடுத்து எடுத்துப் பார்க்கிறார். அப்போதான் தோணுச்சு, அந்த டாக்டரையே கேட்டா என்ன? மறுநாள் போய், "சார், நீங்க வேற எங்க பார்க்கிறீங்க?"ன்னு கேட்டேன். வாரத்துல மூணு நாள் இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போறாராம். என் லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தா, அந்த ஆஸ்பத்திரி இதயத்துக்கே இருக்கு! அதே டாக்டர், அதே கை, இடம்தான் வேற. சந்தோஷத்துல அங்கயே அழுதுட்டேன்.

அங்க காப்பீட்டுக்குன்னு தனி மேசை இருக்கு. ஆஞ்சியோல ஒரு அடைப்பு தெரிஞ்சது. ரிப்போர்ட்டை அவங்களே ஏத்தி அனுப்பினாங்க, ஒப்புதல் வந்தாத்தான் செய்வாங்க. அதுதான் நேத்து வந்தது. ஆங், கைக்காசு போட்டு ஸ்டென்ட் வைக்கிறவங்களும் பில்லைப் பிரிச்சுக் கேளுங்க. 2017 பிப்ரவரியில இருந்து ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு உச்ச விலை வச்சிருக்கு. மருந்து தடவின ஸ்டென்ட்டுக்கு அன்னைக்கு 29,600 ரூபாய்னு வச்சாங்க, அப்புறம் மாத்திக்கிட்டு வர்றாங்க.

இவ்வளவு விசாரிச்சதெல்லாம் எங்களுக்கு நேரம் இருந்ததால. நெஞ்சு வலி இறுக்கிப் பிடிச்சு வேர்க்குதுன்னா லிஸ்ட், கார்டு எதையும் தேடாதீங்க, 108க்குப் போடுங்க. பக்கத்துல ஆரம்ப சுகாதார நிலையம்தான் இருக்குன்னாலும் போங்க. "இதயம் காப்போம்" திட்டம்னு 2023ல இருந்து அங்கயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாங்க.

வியாழக்கிழமை காலையில அப்பாவுக்கு. முந்தின நாள் அட்மிஷன். இப்போ பை அடுக்கணும். ஒண்ணு மறந்துட்டேன், ரேஷன் கார்டு ஒரிஜினலைக் கையில வச்சுக்கோங்க. ஜெராக்ஸை மட்டும் கொண்டுபோய் நான் ஒரு தடவை பஸ் ஏறித் திரும்பி வந்தேன்.