ஃபாலோயர்ஸ் யாருடைய சொத்து?

நேயர்களுக்கு வணக்கம்.

2020ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் தேதி. கொரோனா ஊரடங்கு. எல்லையில் சீனப் படைகளோடு கல்வான் மோதல் நடந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அன்று இரவு மத்திய அரசு 59 சீனச் செயலிகளுக்குத் தடை விதித்தது. குட்டி வீடியோக்கள் போடும் டிக்டாக்கும் அதில் ஒன்று.

தமிழ்நாட்டில் டிக்டாக்கில் யாரெல்லாம் இருந்தார்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். களை எடுத்துக்கொண்டே பழைய பாட்டுக்கு வாயசைத்தவர்கள், லாரி ஓட்டுநர்கள், தையல் கடைப் பெண்கள், பேரனோடு வசனம் பேசிய பாட்டிகள். சினிமாவும் டிவியும் எட்டிப் பார்க்காத தெருக்களிலிருந்து வந்தவர்கள். அவர்களில் சிலருக்கு லட்சக்கணக்கில் ஃபாலோயர்ஸ். ஓரிரு நாளில் செயலியே வேலை செய்யவில்லை. அந்த லட்சம் பேரில் ஒருவருடைய தொலைபேசி எண்கூட அவர்கள் கையில் இல்லை.

இத்தனைக்கும் முன்னறிவிப்பு இல்லாமல் இல்லை. 2019 ஏப்ரலிலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக்குக்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த மாதமே தடை விலகியது. எல்லோரும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி வீடியோ போடப் போய்விட்டார்கள்.

2020 தடைக்குப் பிறகு, ஜூலை 8ஆம் தேதி இன்ஸ்டாகிராம் இந்தியாவில் அதேபோன்ற குட்டி வீடியோக்களுக்கான ரீல்ஸைக் கொண்டுவந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. கூட்டம் அங்கே மாறியது. ஆனால் பழைய எண்ணிக்கை கூடவே வரவில்லை. சிலரை மட்டும் ஜனங்கள் பெயரைத் தட்டித் தேடிக் கண்டுபிடித்தார்கள். மற்றவர்கள் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கினார்கள். ஃபாலோயர்ஸ் முக்கியமா இல்லையா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த வித்தியாசம்தான்.

வீட்டிலிருந்து சிறுதொழில் செய்யும் பெண்களுக்கு, கைப்பேசி வழியாக விற்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பது என் வேலை. வகுப்பில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "மேடம், ஃபாலோயர்ஸை எப்படி ஏத்துறது?" தப்பான கேள்வி என்று நான் சொல்லமாட்டேன். எண்ணிக்கைக்கு மதிப்பு இருக்கிற இடங்கள் உண்டு. யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு வேண்டுமென்றால் 1000 சப்ஸ்கிரைபரும், ஓராண்டில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாளில் ஷார்ட்ஸில் ஒரு கோடிப் பார்வை. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் திறந்தவெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்த 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்ட முதல் தமிழ் சேனல் ஆனது. அப்போது முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அவர்களைப் பார்த்து எண்ணிக்கை வீண் என்று யார் சொல்வது?

ஆனால் எண்ணிக்கைக்கு மதிப்பு வந்த அன்றே போலியும் வந்துவிட்டது. அமெரிக்காவில் டெவூமி என்றொரு நிறுவனம் காசுக்கு ட்விட்டர் ஃபாலோயர்ஸ் விற்றது. 2018 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அதை அம்பலப்படுத்தியது. குறைந்தது 35 லட்சம் தானியங்கிக் கணக்குகளை வைத்துக்கொண்டு, அதையே திரும்பத் திரும்ப விற்று, 20 கோடி ஃபாலோயர்ஸ் சப்ளை செய்திருந்தார்கள். அதில் பல கணக்குகள் உயிரோடு இருக்கும் சாதாரண மனிதர்களின் பெயரையும் படத்தையும் எடுத்து உருவாக்கியவை. அந்த ஆண்டு ஜூலையில் ட்விட்டர், முடக்கி வைத்திருந்த சந்தேகக் கணக்குகளை எண்ணிக்கையிலிருந்து கழித்தபோது, ட்விட்டரின் சொந்தக் கணக்கிலேயே 70 லட்சத்துக்கு மேல் குறைந்துபோனது. கடைக்காரர் வீட்டுப் பாலிலேயே அவ்வளவு தண்ணீர்!

காசு கொடுத்து வாங்குவதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. நீங்கள் ஒன்றைப் போட்டவுடன் செயலி அதை எல்லா ஃபாலோயர்ஸுக்கும் காட்டுவதில்லை. கொஞ்சம் பேருக்குக் காட்டிப் பார்க்கும். அவர்கள் நின்று பார்த்தால், யாருக்காவது அனுப்பினால், அடுத்த வட்டத்துக்குப் போகும். வாங்கின கணக்குகள் எதையும் பார்ப்பதில்லை. அதனால் உங்கள் வீடியோ வாசற்படியிலேயே நின்றுவிடும். பத்தாயிரம் வாங்கி, முன்பு வந்த நூறு பார்வையும் வராமல் போனவர்கள் என் வகுப்புக்கு வந்திருக்கிறார்கள்.

நிஜமான ஃபாலோயர்ஸ் என்றாலும் அவர்கள் வாங்குவார்கள் என்று சொல்லமுடியாது. 2019இல் அமெரிக்காவில், இன்ஸ்டாகிராமில் 26 லட்சம் ஃபாலோயர்ஸ் இருந்த ஓர் இளம்பெண் சொந்தமாக டி-ஷர்ட் வெளியிட்டார். உற்பத்தி தொடங்கக் குறைந்தது 36 விற்கவேண்டும். விற்கவில்லை என்று அவரே எழுதினார். ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த 26 லட்சம் பேர் அவருடைய படத்தைப் பார்க்க வந்தவர்கள், டி-ஷர்ட் வாங்குவதாக யாரும் அவரிடம் சொல்லவில்லையே.

இப்போது இளம்பிள்ளைக்கு வருவோம். சேலம் மாவட்டம், சேலைக்குப் பேர்போன ஊர். அங்கே உற்பத்தியாளர்களிடம் எடுத்து, வெளியூரில் வீட்டிலிருந்தே விற்கும் பெண்கள் நிறைய. எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இன்ஸ்டாகிராமில் அப்படியொன்றும் பெரிய ஆள் இல்லை. காலையில் சேலைப் படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பார். ஒருத்தர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, "இது இருக்காக்கா?" என்பார். இன்னொருவருக்கு முந்தானை தெரியவேண்டும். மூன்றாமவருக்குப் படத்து நிறத்தில் நம்பிக்கை இல்லை. அக்கா சேலையை வாசலுக்கு எடுத்துப்போய், வெயிலில் பிரித்து, பத்து விநாடி வீடியோ எடுத்து அனுப்புவார். ஜிபேயில் பணம் வரும். சாயங்காலம் கொரியர் ரசீதைப் படமெடுத்து அனுப்புவார். சாயம் போனால் திட்டும் வரும், அதையும் அவர்தான் வாங்கிக்கொள்வார்.

வாட்ஸ்அப்பில் ஒரு விஷயம். ஸ்டேட்டஸ் ஆனாலும், ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் ஆனாலும், உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் போய்ச்சேரும். போகிறபோக்கில் விரலால் ஃபாலோ தட்டுவது மாதிரி இல்லை இது. ஒருத்தர் மெனக்கெட்டு 'சேலை அக்கா' என்று பெயர் போட்டு எண்ணைச் சேமிக்கவேண்டும். மொய் நோட்டில் பெயர் இருப்பதுபோல: வந்தவர் பெயர்தான் அதில் இருக்கும். வியாபாரம் சூடு பிடித்த பிறகு அந்த அக்காவும் ரீல்ஸ் போட ஆரம்பித்தார். ரீல்ஸ் எதற்கு என்று கேட்டேன். "புதுசா நாலு பேர் நம்பர் கேட்பாங்கல்ல" என்றார்.

வகுப்பில் இப்போதெல்லாம் நான் ஃபாலோயர்ஸ் எண்ணிக்கையைக் கேட்பதில்லை. போன மாதம் உங்களிடம் வாங்கியவர்களில், அதற்கு முன்பும் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று கேட்கிறேன். பலர் அதைக் கணக்கு வைப்பதே இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்: பெயர், ஊர், என்ன வாங்கினார், மறுபடி எப்போது வந்தார். முதலில் அதை எழுத ஆரம்பியுங்கள். ரீல்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நன்றி. வணக்கம்.