பலகை இல்லாத பஸ்

(வேலூரில் எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியது. மேடையில் விட்டுப்போன சில வரிகளைச் சேர்த்திருக்கிறேன். கைதட்டலைச் சேர்க்கவில்லை.)

அனைவருக்கும் வணக்கம்.

விழாத் தலைவர் ஐயா அவர்களே, பாலாற்றில் தண்ணீர் வந்த வருடத்தையெல்லாம் விரல்விட்டுச் சொல்லக்கூடிய மூத்தவர் நீங்கள், உங்கள் முன்னால் பேசுவதற்கே கூச்சமாக இருக்கிறது. நூலகத் துறையிலிருந்து வந்திருக்கும் அலுவலர் அவர்களே, உங்களிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது, பேச்சு முடியும்வரை தயவுசெய்து கிளம்பிவிடாதீர்கள். சாய்நாதபுரத்தில் இன்னொரு நிகழ்ச்சி இருந்தும் இங்கே முதலில் வந்த மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, கல்லூரிப் பேராசிரியப் பெருமக்களே! இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த அரிசி மண்டி அண்ணன் அவர்களே! அண்ணன் கரண்டு பில்லும் கேட்கவில்லை. கேட்டாலும் கொடுக்க நம் வட்டத்திடம் பணம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் கொடுத்த நிர்வாகிகளுக்கும் நன்றி. அந்தப் புத்தகத்தை வாங்கியதும் நான் முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். செயலாளர் பார்த்துச் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று போகப் போகத் தெரியும்.

வரவேற்புரை சொன்ன தம்பி என்னை எழுத்தாளர் என்றார். இல்லை தம்பி. நான் முப்பத்தொரு வருடம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். படித்ததெல்லாம் பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் படித்தது.

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'கட்டுரை நூல்களும் அகராதிகளும் வாசகரை ஏன் ஏமாற்றுகின்றன?' ஐந்து காரணம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு பழமொழி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. எங்கள் வீட்டுக்குப் புத்தகப் பார்சல் வரும்போதெல்லாம் என் மனைவி சொல்வது இது. சில சமயம் பார்சலைப் பிரிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்.

முதல் காரணம், ஒருவர் எழுதியதை இன்னொருவர் அப்படியே எடுத்து எழுதுவது. நம் கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1806 ஜூலை 10 விடிவதற்கு முன்னால் சிப்பாய்கள் எழுந்தார்கள். புதுத் தலைப்பாகை, நெற்றியில் குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது என்ற உத்தரவுகள்தான் நெருப்பு வைத்தன. இதெல்லாம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. என் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு கேள்வி: கிளர்ச்சியை அடக்க வந்த வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி எந்த ஊரிலிருந்து வந்தான்? என்னிடம் மூன்று புத்தகம் இருந்தது. முதல் புத்தகத்தில் வாழ்த்துரை, அணிந்துரை, பதிப்புரை, என்னுரை தாண்டுவதற்கே பத்தொன்பது பக்கம். அதில் நன்றி சொல்லப்படாத ஆளே வேலூரில் இல்லை. மூன்று புத்தகத்தையும் பாய் மேல் பரப்பிவைத்து நான் புரட்டிக்கொண்டே இருக்கிறேன். பேத்தி போனில் ஏதோ தட்டினாள். "ஆர்க்காடு தாத்தா, குதிரைப் படையோட வந்தாராம்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். ஆர்க்காடு! பக்கத்து ஊர்! என் மூன்று புத்தகத்திலும் அது இருந்தது. மறுநாள் மத்தியானம்தான் கண்ணில் பட்டது.

பாருங்கள், முதல் காரணத்தைச் சொல்ல வந்தவன், புத்தகத்தில் இருந்தும் தேடினால் கிடைக்காது என்ற ஐந்தாவதில் வந்து நிற்கிறேன். சரி, போகட்டும்.

இரண்டாவது, பழசாகிப் போவது. 1881-இல் காக்ஸ் துரை நம் மாவட்டத்துக்கு ஒரு பெரிய கையேடு தொகுத்தார். அப்போது நம் மாவட்டத்துக்கு வட ஆர்க்காடு என்று பெயர், தலைநகர் சித்தூர். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகிப் போனது. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. பெரியசாமித் தூரன் பொறுப்பில் வந்த கலைக்களஞ்சியம் 1954-இல் தொடங்கி 1968-இல் பத்தாவது தொகுதியோடு முடிந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு 'ராணிப்பேட்டை மாவட்டம் எங்கே?' என்று கேட்டால் அது என்ன செய்யும்? அந்தத் தொகுதிகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் செய்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு வந்த நாம்தான் வெள்ளையடிக்காத வீடு மாதிரி விட்டுவிட்டோம்.

மூன்றாவது காரணம் விலை. அதை அப்புறம் சொல்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டு மாட்டுக் கதை. செயலாளர் இந்தக் கதையை நான்கு தடவை கேட்டவர், அவர் வேண்டுமானால் வெளியே போய் டீ குடித்துவிட்டு வரலாம்.

பள்ளிகொண்டா பக்கம் எங்கள் ஊர். ஓய்வு பெற்ற பணத்தில் ஒரு கறவை மாடு வாங்கினேன். மாட்டோடு சேர்த்துப் புத்தகக் கண்காட்சியில் மாடு வளர்ப்புப் புத்தகம் ஒன்றும் வாங்கினேன். முந்நூற்று ஐம்பது ரூபாய், கெட்டி அட்டை, அட்டையில் நம் ஊர் வெயிலையே பார்த்திராத ஒரு சீமை மாடு. ஐப்பசி மாதம், மூன்று நாள் மழை. கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துக்கொண்டு போன மாடு பக்கத்துக் கொல்லையில் புகுந்து, ஈரமாக இருந்த மல்லாட்டைச் செடியை, அதாவது வேர்க்கடலைச் செடியை, வயிறு முட்டத் தின்றுவிட்டது. சாயங்காலம் பிடித்துவந்து கட்டினோம். ராத்திரி ஒன்பது மணிக்கு மனைவி கூப்பிடுகிறார். போய்ப் பார்த்தால் மாட்டின் இடது பக்கம் பறை மாதிரி உப்பி நிற்கிறது. தட்டினால் டம் டம் என்று சத்தம். மூச்சு வாங்குகிறது, வாயில் நுரை. டாக்டருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை.

நான் என்ன செய்தேன்? உள்ளே ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

மனைவி டார்ச் பிடிக்கிறார். நான் மாட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பொருளடக்கத்தைத் திறக்கிறேன். முதல் அத்தியாயம், 'வெண்மை எனும் விடியல்'. இரண்டாவது, 'தாய்மையின் தவம்'. மூன்றாவது, 'தண்ணீரும் கண்ணீரும்'. ஐயா, என் மாட்டுக்கு வயிறு உப்பியிருக்கிறது, இது எந்தத் தவத்தில் வரும்? பக்கம் பக்கமாகப் புரட்டுகிறேன். மல்லாட்டை என்ற சொல்லைத் தேடுகிறேன். புத்தகத்தில் அந்தச் சொல்லே இல்லை. வேர்க்கடலையும் இல்லை. மேலே தகரத்தில் மழை கொட்டுகிறது, புத்தகத்தில் சொட்டுகிறது, மாடு என்னைப் பார்க்கிறது. அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஆயா முக்காடு போட்டுக்கொண்டு வந்தது. எழுபத்தைந்து வயசு, கையெழுத்துப் போடத் தெரியாது. "இன்னாப்பா பண்ற?" "புக்குல பாக்கறேன் ஆயா." "மாடு சாவக் கிடக்குது, நீ பாடமா படிக்கிற?" என்று சொல்லிவிட்டு, மாட்டின் முன்னங்கால் மேட்டில் நிற்கும்படி திருப்பிக் கட்டச் சொன்னது. வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்துக் கடிவாளம் மாதிரி வாயில் குறுக்கே வைத்துக் கயிற்றால் கட்டியது. மாடு அதை மென்றுகொண்டே இருந்தது. அப்புறம் கால் லிட்டர் கடலை எண்ணெய் கேட்டது. மூங்கில் குழாயில் ஊற்றி, புரையேறாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டியது. மல்லாட்டையால் வந்ததற்கு மல்லாட்டை எண்ணெயே மருந்து! முக்கால் மணி நேரத்தில் மாடு ஒரு ஏப்பம் விட்டது பாருங்கள், அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை.

"ஏட்டுச் சுரைக்காய்" என்று மனைவி ஆரம்பித்தார். ஆயா முடித்துவைத்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இந்த மேடைக்கே வந்திருக்க மாட்டேன். தூக்கம் வராமல் பதினொன்றரை மணிக்குப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். 183-ஆம் பக்கம், 'காமதேனுவின் கவலைகள்' என்ற அத்தியாயம். 'ஈரமான நிலக்கடலைக் கொடியை மிகுதியாக உண்பதால் ஏற்படும் உப்புசம்' என்று போட்டிருக்கிறது. முன்னங்காலை உயரத்தில் நிறுத்து, வாயில் குறுக்காகக் குச்சி கட்டு, தாவர எண்ணெய் புகட்டு. ஆயா செய்தது அத்தனையும் வரிக்கு வரி இருக்கிறது!

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுரைக்காய் நல்ல சுரைக்காய்தான் ஐயா. ஆனால் எந்த ஏட்டில் காய்த்திருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் இருந்தவன் என்பதால் எனக்கு இப்படித்தான் தோன்றும். குடியாத்தம் வண்டி என்றால் பள்ளிகொண்டா வழியா, கே.வி. குப்பம் வழியா என்று பலகையில் போட்டாக வேண்டும். பலகை இல்லாத பஸ்ஸும் குடியாத்தத்துக்குத்தான் போகும், யார் இல்லை என்றார்கள்? ஆனால் மூட்டையும் குழந்தையுமாக நிற்கிற அம்மா எப்படி ஏறுவார்? புத்தகத்துக்குப் பலகை முன்னால் இருக்கும் பொருளடக்கம் அல்ல, பின்னால் இருக்க வேண்டிய பொருளடைவு. எந்தச் சொல், எந்தப் பெயர், எந்தப் பக்கம் என்று அகர வரிசையில் நான்கைந்து தாள். பின்னால் வருவதால் 'பின்னடைவு' என்று கூப்பிடலாமே என்றார் ஒரு நண்பர். வேண்டாம், இருக்கிற பின்னடைவு போதும்.

இது வெள்ளைக்காரன் பழக்கம் என்று சிலர் சொல்கிறார்கள். சொல்லுக்குப் பொருள் சொல்லும் நிகண்டுகளை நம் முன்னோர் செய்யுளாக மனப்பாடம் செய்தார்கள், தலையே அடைவு. ஆனால் 1594-லேயே சிதம்பர ரேவண சித்தர் முதலெழுத்து வரிசையில் அகராதி நிகண்டு செய்துவிட்டார். வீரமாமுனிவரின் சதுரகராதி வந்தது 1732-இல், அதற்கு நூற்று முப்பத்தெட்டு வருடம் கழித்து. உ.வே.சா. தம் பதிப்புகளின் பின்னால் அரும்பதங்களுக்கு அகராதி சேர்த்தார். தாத்தா பனை ஓலையைப் புரட்டிச் செய்ததைப் பேரன் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு செய்யமாட்டேன் என்கிறான்.

பதிப்பாளர் ஒருவரிடம் கேட்டேன். "கம்ப்யூட்டர் தமிழ் வரிசையில் அடுக்காது சார்" என்றார். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கு வைத்திருக்கும் யுனிகோடு எண் வரிசைப்படி அடுக்கச் சொன்னால் 'ன' போய் 'ந'வுக்குப் பக்கத்தில் உட்காரும், 'வ' வந்து 'ழ'வுக்குப் பின்னால் நிற்கும். பழைய எழுத்துருவில் அச்சுக்கோத்தவருக்கு அதுவும் கிடையாது. ஆனால் இதற்கெல்லாம் மென்பொருள் வந்தாகிவிட்டது. வராவிட்டாலும் கை இருக்கிறதே! அந்த மாட்டுப் புத்தகத்துக்கு நானே அடைவு செய்தேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் துண்டு துண்டாக வெட்டி, பின்பக்கம் ஒவ்வொரு சொல்லாக எழுதி, ஆர்க்காட்டு மக்கன் பேடா டப்பாவில் வரிசையாக அடுக்கினேன். மூன்று வாரம் ஆனது. 'மல்லாட்டை: நிலக்கடலை பார்க்க' என்று ஒரு துண்டு. 'வயிறு உப்பல்: உப்புசம் பார்க்க' என்று ஒரு துண்டு. இந்தப் 'பார்க்க' இல்லாத அடைவு பாதி அடைவுதான். குடியாத்தம் என்று ஒருவர் தேடுவார், குடியேற்றம் என்று ஒருவர் எழுதியிருப்பார். ஆர்க்காடு, ஆற்காடு என்று அந்த ஒரு ஊருக்கே நாம் இரண்டு எழுத்து வைத்திருக்கிறோம்!

ஆறு பக்கம் வந்தது. ஒட்டி, புத்தகத்தை ஊர் நூலகத்துக்கே கொடுத்துவிட்டேன். போன மாதம் போய்ப் பார்த்தேன். 'வெண்மை எனும் விடியல்' வெள்ளை வெளேரென்று இருக்கிறது. என் ஆறு பக்கத்தில் மஞ்சள் கறை, எண்ணெய்க் கறை, சாணிக் கைரேகை. 183-ஆம் பக்கம் முனை மடிந்து கிழியப் போகிறது.

இப்போது அலுவலர் ஐயாவுக்கு என் கோரிக்கை. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். சீர்காழியில் பிறந்த அரங்கநாதன் 1931-லேயே நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். நான்காவது விதி, வாசகரின் நேரத்தைச் சேமி. அவருடைய முயற்சியில்தான் 1948-இல் சென்னை மாகாணத்துக்கு நூலகச் சட்டமும் வந்தது. ஆகவே, பொருளடைவு இல்லாத கட்டுரை நூலை, வரலாற்று நூலை, மருத்துவ நூலை நூலகத்துக்கு வாங்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை போடுங்கள். நாவலுக்கும் கவிதைக்கும் வேண்டாம், அங்கே வாசகன் தொலைந்துபோகத்தான் போகிறான். ஒரு வருடம் வாங்காமல் இருந்து பாருங்கள், அடுத்த வருடம் பதிப்பாளர்கள் பேடா டப்பாவோடு வந்து நிற்பார்கள்.

தொகுப்பாளர் தங்கை துண்டுச் சீட்டு நீட்டுகிறார். 'ஐந்து நிமிடம்' என்று இருக்கிறது, இது இரண்டாவது சீட்டு. நான்காவது காரணம் மொழிபெயர்ப்பு, அதற்கே தனிக் கூட்டம் வேண்டும். ஐந்தாவது பொருளடைவு இல்லாதது, அதைத்தான் இவ்வளவு நேரமும் சொன்னேன்.

வாசலில் மேசை மேல் கோரிக்கை மனு இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் வைத்திருக்கிறேன். உங்கள் ஊரில் மல்லாட்டைக்கு என்ன பெயர், மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன சொல்வீர்கள் என்று அதில் எழுதுங்கள், அடுத்த அடைவுக்கு வேண்டும். பேனா ஒன்றுதான், நூல் கட்டி வைத்திருக்கிறேன், இழுக்காதீர்கள். விலையைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன், டீ குடிக்கும்போது கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.