வீட்டை ஒட்டி நிற்கும் பெரிய மரம்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மரம். இலை நிறைந்து, நோய் நொடி இல்லாமல் நிற்கிறது. ஆனால் காற்று வேகமெடுத்துவிட்டால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தூக்கம் போய்விடுகிறது. "வெட்டிவிடலாமா, பாதியாவது குறைத்துவிடலாமா?" என்று கேட்கிறார்கள். மரங்களைப் பராமரிக்கும் தொழிலில் இருக்கும் எனக்கு இதைவிட அதிகமாக வந்த கேள்வி வேறில்லை.

அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். டன் கணக்கில் எடையுள்ள ஒன்று கூரைக்கு மேலே ஆடினால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். நல்ல மரம் ஆபத்தான மரமாக மாறியதற்குப் பல இடங்களில் காரணம், பயந்துபோய்ப் போட்ட வெட்டுதான்.

உயரமாக இருப்பது ஒரு குறை அல்ல. மரமோ கிளையோ முறிய எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது, முறிந்தால் எதன் மேல் விழும், விழும் இடத்தில் ஆட்கள் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், விழுந்தால் சேதம் எவ்வளவு? இவற்றைச் சேர்த்துத்தான் ஆபத்தை எடைபோட வேண்டும். யாரும் போகாத புதருக்கு மேலே ஒரு காய்ந்த கிளை தொங்கினால் அவசரம் இல்லை. அதே கிளை பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு மேலே இருந்தால் இன்றைக்கே எடுக்க வேண்டும். சில வீடுகளில் மரத்தைத் தொடவே வேண்டியிருக்காது. வண்டி நிறுத்தும் இடத்தைக் கொஞ்சம் தள்ளி மாற்றினாலே போதும். பிரிட்டனில் மரமோ கிளையோ விழுந்து இறப்பவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 5 அல்லது 6 பேர். அங்கே ஒருவருக்கு ஓர் ஆண்டில் இதனால் உயிர் போகும் வாய்ப்பு சுமார் ஒரு கோடியில் 1. அபாயமே இல்லை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பதறாமல் பார்க்க நேரம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, எங்கே பார்ப்பது? எல்லோரும் முதலில் அண்ணாந்து பார்க்கிறார்கள். நீங்கள் குனிந்து தூரைப் பாருங்கள். நல்ல மரத்தின் அடி, மண்ணைத் தொடும் இடத்தில் அகன்று, வேர்களாகப் பிரிந்து இறங்கும். கம்பம் நட்டதுபோல நேராக மண்ணுக்குள் போனால், பெரும்பாலும் யாரோ அங்கே மண் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். மண்ணுக்குள் புதைந்த பட்டை ஈரத்தில் அழுகும், வேருக்குக் காற்றும் கிடைக்காது. அந்த மண்ணைக் கையால் மெல்ல விலக்கிப் பாருங்கள். தூரில் காளான் தட்டுத்தட்டாக வளர்ந்திருந்தால் உள்ளே அழுகல் இருக்கலாம், விவரம் தெரிந்தவரை அழைத்துக் காட்ட வேண்டும். மரம் சாய்ந்திருப்பதைக் கண்டும் உடனே பயப்பட வேண்டாம். பல காலமாகச் சாய்ந்தே வளர்ந்த மரம், மேலே போகப் போக நிமிர்ந்திருக்கும். தனக்குத் தேவையான இடத்தில் தண்டைக் கூடுதலாகத் தடிக்கவைத்துத் தன்னைத் தாங்கிக்கொண்டிருக்கும். ஆனால் சமீபத்தில் சாய்ந்து, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்தோ மேலே எழும்பியோ இருந்தால், அப்புறம் யோசிக்க நேரமில்லை. ஆட்களை அங்கிருந்து அகற்றிவிட்டு உதவிக்கு ஆள் அழையுங்கள்.

அடுத்தது கவை, அதாவது தண்டு இரண்டாகப் பிரியும் இடம். நன்றாக இருக்கும் மரத்திலும் ஒளிந்திருக்கக்கூடிய குறை இங்கேதான். ஏறக்குறைய ஒரே பருமனுள்ள இரண்டு தண்டுகள் அகலமாகப் பிரிந்தால் நடுவில் இரண்டின் உள்மரமும் ஒன்றோடொன்று பின்னி இறுகும். குறுகலாக ஒட்டிக்கொண்டு மேலே போனால், இரண்டும் பருக்கப் பருக்க நடுவில் பட்டை மாட்டிக்கொள்ளும். வெளியே ஒன்றாகத் தெரியும். உள்ளே பட்டை மாட்டிய இடத்தில் இணைப்பே இருக்காது. கவைக்குக் கீழே ஓர் ஆழமான கோடு இறங்கும், அதன் இரு பக்கமும் காது மடல்போல் புடைத்திருக்கும். அப்படித் தெரிந்தாலும் மரத்தை வெட்ட வேண்டியதில்லை. ஒரு தண்டின் நுனிப் பாரத்தைக் குறைக்கலாம், அல்லது கவையிலிருந்து நுனி வரையுள்ள உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மேலே இரண்டையும் வடம் கொண்டு பிணைக்கலாம்.

இப்போது மொட்டையடிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பயத்துக்கு மருந்து என்று நினைத்துப் பலர் செய்வது இதைத்தான். தலையை வெட்டினால் மரம் சின்னதாகிவிடும் என்ற நம்பிக்கை. நடப்பது வேறு. இலையெல்லாம் போனதும் உணவு இல்லாமல் தவிக்கும் மரம், பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகளை எழுப்பிக் கொத்துக் கொத்தாகப் போத்து, அதாவது புதுக் கிளைகள், விடும். அவை வேகமாக வளர்ந்து சில ஆண்டுகளில் பழைய உயரத்துக்கே வந்துவிடும். இயல்பான கிளை தண்டின் ஆழத்திலிருந்து வந்தது. போத்தோ வெளி அடுக்கில் மட்டும் ஒட்டியிருக்கிறது, அதுவும் வெட்டுப்பட்டு அழுகிக்கொண்டிருக்கும் கட்டையின் மேலே. ஆக, அதே உயரம், முன்பைவிடப் பலவீனமான பிடிப்பு. வெட்டுவதற்கு முன்னால் இல்லாத ஆபத்து இப்போதுதான் கூரைக்கு மேலே வந்து நிற்கிறது.

எங்கே வெட்டுவது என்பதை உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ. ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்கில் பிளந்து பார்த்து, மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுவர் எழுப்பி அடைத்துவைக்கிறது என்று 1977இல் எழுதினார். கிளை தண்டோடு சேரும் இடத்தை அருகே போய்ப் பாருங்கள். வளையம்போல் ஒரு புடைப்பு தெரியும். அந்தச் சுவரை எழுப்பும் திசு அங்கேதான் இருக்கிறது. புடைப்புக்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். தண்டோடு வழித்து வெட்டினால் அழுகல் நேராகத் தண்டுக்குள் நுழையும். நீளமாகக் கட்டையை விட்டாலும் அது காய்ந்து அழுகும். பெரிய கிளையென்றால் ஒரே வெட்டில் எடுக்கக் கூடாது. முதலில் சற்றுத் தள்ளிக் கீழ்ப்பக்கம் ஒரு வெட்டு, பிறகு அதற்கும் வெளியே மேலிருந்து ஒரு வெட்டு, பாரம் விழுந்தபின் கடைசி வெட்டு. இல்லாவிட்டால் தண்டின் பட்டை உரிந்துவிடும். தார், பெயின்ட் எதுவும் பூச வேண்டாம், அவை அழுகலைத் தடுப்பதில்லை.

உண்மையிலேயே அளவைக் குறைக்க வேண்டுமானால், வெட்டும் கிளையில் மூன்றில் ஒரு பங்காவது பருமனுள்ள பக்கக் கிளை வரை குறைக்கலாம். ஒரே தடவையில் பசுமையில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. வயதான மரத்தில் அதைவிடக் குறைவாகத்தான். உள்பக்கச் சிறு கிளைகளை வழித்தெடுத்துவிட்டு நுனியில் மட்டும் இலையை விடுவதும் தவறு. பாரம் முழுக்க நுனிக்குப் போய்விடும்.

வேர் கண்ணுக்குத் தெரியாததால் அதன் பேச்சே எழுவதில்லை. மரத்தின் உயரத்துக்கு வேர் ஆழமாகப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான வேர்கள் மேல் 1 மீட்டர் மண்ணிலேயே இருக்கின்றன. கிளை விரிவைத் தாண்டியும் ஓடும். மார்பளவு உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து 12ஆல் பெருக்கினால், அவ்வளவு தூரம் சுற்றிலும் தோண்டக் கூடாது என்பது பிரிட்டிஷ் தரவிதி. விட்டம் 60 செ.மீ. என்றால் 7 மீட்டருக்கும் மேல். குழாய்க்காகப் பள்ளம் எடுத்து ஒரு பக்க வேரை அறுத்த மரம், சில ஆண்டுகள் பச்சையாகவே நின்று, பிறகு ஒரு காற்றில் அடியோடு சாயக்கூடும். அஸ்திவாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. களிமண் நிலத்தில் மரம் நீரை உறிஞ்ச மண் சுருங்கி, சுவர் விரிசல் விடுவது உண்டு. ஆனால் அதே மண்ணில் முதிர்ந்த மரத்தைச் சட்டென்று வெட்டினால், மண் நீர் கோத்து உப்பிக் கட்டடத்தை மேலே தள்ளவும் செய்யும். அதனால் விரிசல் இருந்தால் கோடாரிக்கு முன்னால் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

வேலைக்கு ஆள் பிடிக்கும்போது அவர் முதலில் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். தூரைச் சுற்றி வந்து பார்க்கிறவரிடம் பேசுங்கள். வந்ததுமே "தலையை எடுத்துடலாம்" என்பவரை அனுப்பிவிடுங்கள். வெட்டாமல் வைத்துக்கொள்ளப்போகும் மரத்தில் இரும்பு முள் காலணியோடு ஏறவும் விடாதீர்கள், ஒவ்வொரு குத்தும் ஒரு காயம். எந்தக் கிளை, எந்த இடத்தில், எதற்காக என்று எழுதி வாங்கிக்கொண்ட பிறகே ரம்பத்தை எடுக்கச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.