விளையாட்டு வீரருக்குத் தேசிய விருது தகுமா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

குடியாத்தத்திலிருந்து நேயர் ஒருவர் அனுப்பியுள்ள கேள்வியை முதலில் அப்படியே படித்துவிடுகிறேன். "முப்பது வருடம் இரவுப் பணி பார்த்து ஓய்வுபெற்ற செவிலியரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தன் பெயருக்கும் பணத்துக்கும் விளையாடுகிறவருக்கோ பத்மஸ்ரீ முதல் பாரத ரத்னா வரை பட்டம் கொடுக்கிறார்கள். இது என்ன நியாயம் ஐயா?" படித்த நாள் முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. கேட்டவரின் மனத்தாங்கல் உண்மையானது. ஆனாலும், அவர் முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை.

பட்டம் என்பதை முதலில் தீர்த்துவிடுவோம். இராணுவச் சிறப்பும் கல்விச் சிறப்பும் தவிர வேறெந்தப் பட்டத்தையும் அரசு வழங்கக் கூடாது என்று நம் அரசியலமைப்பின் 18ஆம் பிரிவு தடுத்துவிட்டது. அது வேண்டாத தடையன்று. 1936ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்ற இந்தியக் கிரிக்கெட் அணிக்குத் தலைமையேற்ற, ஆந்திரப் பகுதியின் விஜியநகரத்து இளவரசர், மூன்று டெஸ்ட் ஆட்டங்களிலும் சேர்த்து எடுத்தது 33 ரன்கள். அந்தப் பயணத்தின்போதே அவருக்குச் 'சர்' பட்டம் கிடைத்தது. பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் பட்டங்கள் அல்ல, பெயருக்கு முன்னும் பின்னும் அவற்றைப் போட்டுக்கொள்ளவும் கூடாது என்று 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. நம் ஊர்ப் பாராட்டு விழாச் சுவரொட்டிகளில் இதை யாரும் மதிப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

இனி, தகுதியைப் பற்றிப் பேசுவோம். 1954இல் பாரத ரத்னாவை முதன்முதலில் பெற்ற மூவர் ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சி.வி. ராமன். இவர்களில் ராதாகிருஷ்ணன், அந்நாள் வட ஆற்காட்டைச் சேர்ந்த திருத்தணியில் பிறந்து, நம் வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்தவர். ராமன் ஒளியை ஆராய்ந்தது யாருடைய கட்டளைக்காகவும் அன்று. தமக்கிருந்த தீராத ஆர்வத்தால்தான். 'தனக்காகத்தானே செய்தார்' என்று அவரை யாரும் கேட்டதில்லை. ஓடுகிறவனையும் மல்லுக்கட்டுகிறவனையும் மட்டும் ஏன் அப்படிக் கேட்கிறோம்? பாரத ரத்னாவுக்குக் கலை, இலக்கியம், அறிவியல், பொதுப்பணி என்றிருந்த வரம்பை 2011 இறுதியில் எல்லாத் துறைகளுக்கும் விரித்தார்கள். 2013 நவம்பர் 16 அன்று சச்சின் டெண்டுல்கருக்கு அவ்விருதை அறிவித்தபோது, அதே அறிவிப்பில் விஞ்ஞானி சி.என்.ஆர். ராவின் பெயரும் இருந்தது. ஆட்டக்காரர் வந்ததால் அறிஞர் இடம் இழக்கவில்லை.

ஆயினும் சச்சினை வைத்து இந்தக் கேள்வியை எடைபோடுவது சரியாகாது என்பேன். இதைப் பல முறை சொல்லியிருக்கிறேன். தொடர்ந்து பார்க்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சந்தை கொண்டாடாத உழைப்பைத்தான் அரசு முதலில் கண்டுகொள்ள வேண்டும். இதற்கு நான் எப்போதும் காட்டுகிற சான்று, நம் வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம். 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் அவர் ஸ்னாட்ச் முறையில் தூக்கியது 149 கிலோ. இரும்புத் தண்டு 20 கிலோ, தட்டுகளை இறுக்கும் பூட்டுகள் இரண்டும் சேர்ந்து 5 கிலோ. எஞ்சிய 124 கிலோவும் பக்கத்துக்கு 62 கிலோவாகத் தட்டுகளில் நிற்கிறது. தன் உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கை, தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்குமேல் கொண்டுபோய், முழங்கை மடங்காமல் நடுவர்கள் ஒப்பும்வரை அசையாமல் நிற்க வேண்டும். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். அந்த நொடிகளுக்குப் பின்னால், முன்னாள் இராணுவ வீரரும் தாமும் பளு தூக்கியவருமான தந்தையின் கண்டிப்பும், உள்ளங்கைத் தோல் உரிந்து உரிந்து காய்த்துப்போன இளமையும் இருக்கின்றன. மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்ற அவருக்கு அடுத்த ஆண்டு அர்ஜுனா விருது கிடைத்தது. 2018இல் கோல்டு கோஸ்டிலும் தங்கம் வென்றார். பளுதூக்குதலுக்குக் கிரிக்கெட்டைப்போல் வீரர்களைக் கோடிக்கணக்கில் எடுக்கும் ஏலம் கிடையாது, விளம்பரமும் அரிது. அரசின் மரியாதையும் இல்லையென்றால் சத்துவாச்சாரியில் ஒரு தகப்பன் தன் பிள்ளையை எந்தத் துணிவில் அந்த இரும்பின் அருகே அனுப்புவான்?

நேயர் கேட்டதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, விருது எப்போது வருகிறது என்பது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்ற கே.டி. ஜாதவ், விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தனிநபர் பதக்கம் கொணர்ந்த முதல் வீரர். பயணச் செலவுக்கு ஊரார் பணம் திரட்டித் தந்தார்கள். அடுத்த தனிநபர் பதக்கத்துக்கு, 1996இல் லியாண்டர் பயஸ் வெல்லும்வரை, 44 ஆண்டுகள் காத்திருந்தோம். அந்த ஜாதவ் 1984இல் மறைந்தார். அர்ஜுனா விருது வந்ததோ அதற்கும் பல ஆண்டுகள் கழித்து. வாங்கிக்கொள்ள அவர் இல்லை. வீரருக்கு விருது தகுமா என்று வாதிடும் நாம், தகுந்தவருக்கு உயிரோடிருக்கும்போதே கொடுத்தோமா என்று கேட்பதில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

அந்தச் செவிலியரைப் பற்றி நேயருக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவப் பணிக்கும் பத்ம விருது உண்டு. விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்த வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ் 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். இன்று பத்ம விருதுக்கு எந்தக் குடிமகனும் இணையத்தில் பரிந்துரைக்கலாம். அந்தச் செவிலியர் செய்த பணியை 800 சொற்களுக்கு மிகாமல் எழுதித் தர வேண்டும். இரவுப் பணியில் அவர் காப்பாற்றியவர்களையும் உடன் வேலை செய்தவர்களையும் தேடிச் சென்று விவரம் கேளுங்கள். எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு படி அனுப்புங்கள், படித்துத் திருத்தித் தருகிறேன்.