சொல்லிக்கொடுத்ததைச் சொன்னவர்கள்தான் நாங்கள்

நடுவர் அவர்களே, ஆயர் ஐயா, சபையாரே, எல்லோருக்கும் ஸ்தோத்திரம். அந்தப் பக்கம் அசனப் பந்திக்கு இலை போட ஆரம்பித்துவிட்டார்கள், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கிறிஸ்தவக் குடும்பத்தில் தியாக அன்பில் விஞ்சி நிற்பது கணவனா மனைவியா? கணவன்தான். எபேசியர் 5-ஆம் அதிகாரத்தில் பவுல் மனைவியைக் கீழ்ப்படியச் சொன்னார், கணவனை மட்டும் கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்த மாதிரி அன்புகூரச் சொன்னார். கஷ்டமான வேலை யார் தலையில் விழுந்தது? என் வாதம் அவ்வளவுதான். மீதி நேரம் முழுக்க எதிரணி அக்காவுக்கு.

அதற்கு முன்னால் ஒன்று. முதலில் பேசிய தங்கச்சி, பர்மாவில் சிறையில் கிடந்த மிஷனரி ஜட்சனுக்கு அவர் மனைவி ஆன் அம்மா சோறு கொண்டுபோனதைச் சொன்னார். உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அந்த அம்மா நோயில் விழுந்து பால் வற்றியபோது, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போய், பிள்ளை பெற்ற தாய்மாரிடம் பால் பிச்சை கேட்டது யார்? அதே கைதிதான். தங்கச்சி அந்தப் பக்கத்தை வசதியாகப் புரட்டிவிட்டார்.

இப்போது அக்கா. என்ன சொன்னார்கள்? "கல்யாணத்தன்று ஆயர் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுக்க, இந்த மாப்பிள்ளைகள் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்கிறார்கள், அதனால்தான் சாயங்கால ரிசப்ஷனுக்குள் எல்லாம் மறந்துபோகிறது." கைதட்டினீர்கள். என் வீட்டம்மா எழுந்து நின்றே தட்டினாள், பார்த்தேன்.

அக்கா, ஆயர் பொண்ணு கையில் மட்டும் தனியாகப் புத்தகம் கொடுத்தாரா? அவர்களும் சொல்லிக்கொடுத்ததைத்தானே சொன்னார்கள், அதுவும் மைக்குக்கே கேட்காத குரலில், "கொஞ்சம் சத்தமாம்மா" என்று ஆயரே கெஞ்சும்படி. அதற்கப்புறம் அந்தக் குரல் எப்படி வளர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன், அண்ணன்மார் முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, மறந்துபோவோம் என்றீர்களே, மறக்காத ஒரு மாப்பிள்ளையைக் காட்டுகிறேன். ராபர்ட்சன் மெக்குயில்கின். ஜப்பானில் 12 வருஷம் மிஷனரி, அப்புறம் அமெரிக்காவில், தென் கரோலினாவில் ஒரு வேதாகமக் கல்லூரிக்கு 22 வருஷம் தலைவர். மனைவி முரியலுக்கு அல்சைமர். பேச்சு போகிறது, நினைவு போகிறது, ஆனால் அவர் பக்கத்தில் இல்லையென்றால் மட்டும் அந்த அம்மாவுக்குத் தாங்காது. துணைக்கு ஆள் வைத்தார்கள். இருந்தும் அந்த அம்மா வீட்டிலிருந்து அரை மைல் தள்ளியிருந்த கல்லூரிக்கு, ஒரு நாளைக்குப் பத்துத் தடவைகூட அவரைத் தேடி வேகுவேகென்று நடந்துபோவார். ஒருநாள் ராத்திரி உடை மாற்றிவிடும்போது பார்க்கிறார், அந்தப் பாதமெல்லாம் ரத்தம்.

1990-இல் வேலையை விட்டுவிட்டார். ஆஸ்பத்திரி, காப்பகம் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. அவர் என்ன சொன்னார்? 42 வருஷத்துக்கு முன்னாலேயே முடிவெடுத்துவிட்டேன், சுகத்திலும் வியாதியிலும் என்று சொல்லித்தானே கல்யாணம் கட்டினேன் என்றார். அக்கா, கவனியுங்கள், 42 வருஷம்! ஒரு சாயங்காலம் இல்லை!

இருங்கள், இன்னொன்று இருக்கிறது. அட்லாண்டா விமான நிலையம். விமானம் தாமதம். முரியல் அம்மா எழுந்து நடக்கிறார், இவரும் பின்னாலேயே நடக்கிறார். உட்காருகிறார்கள். மறுபடி எழுந்து நடக்கிறார், மறுபடி இவரும். நம்மில் ஒருத்தர் என்றால் மூன்றாவது தடவை "ஏய், சும்மா உட்காரு" என்று ஊர் கேட்கச் சொல்லியிருப்போம். (அண்ணே, உங்களைச் சொல்லவில்லை.) இவர் நடக்கிறார். எதிரே கம்ப்யூட்டரில் வேலையே கண்ணாக ஒரு பெண் அதிகாரி, தலையை நிமிர்த்தவில்லை, வாய்க்குள் ஏதோ சொன்னார். தொந்தரவு செய்கிறோமோ என்று இவர், "என்னம்மா?" என்கிறார். அந்தப் பெண், "ஒன்றுமில்லை, இப்படி நேசிக்க எனக்கும் ஒரு ஆம்பளை கிடைப்பானா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்" என்றாராம்.

கைதட்டல் எனக்கு வேண்டாம், அந்த மனுஷனுக்குத் தட்டுங்கள்.

மணி அடிக்கிறீர்கள், நடுவர் ஐயா, கேட்டது. தர்க்கமெல்லாம் தீர்ந்துபோயிற்று, ஒத்துக்கொள்கிறேன், முரியல் அம்மாவும் 40 வருஷம் அவரைப் பார்த்துப் பார்த்துக் கவனித்தவர்தான், அதை அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் இதைச் சொல்லாமல் இறங்கமாட்டேன். 1995, காதலர் தினம், முன்னொரு காலத்தில் அவர் பெண் கேட்ட அதே நாள். மாதக்கணக்கில் ஒரு வாக்கியம்கூடப் பேசாமல் படுக்கையில் கிடந்த அம்மா, கண் திறந்து, அன்பு, அன்பு என்று சொல்கிறார். இவர் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, "கண்ணே, உனக்கு என் மேல் நிஜமாகவே அன்புதானே?" என்கிறார். ஆமாம் என்கிற வார்த்தை அந்த அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. தேடித் தேடிக் கிடைத்ததைச் சொன்னார்: "நான் நல்லவ."

அந்த அம்மா போனது 2003-இல், அதுவரைக்கும் இவர்தான் பார்த்துக்கொண்டார்.

அக்கா, மைக் உங்களுக்குத்தான். கண்ணைத் துடைத்துவிட்டு நிதானமாக வாருங்கள், பந்தியில் உங்களுக்கு ஒரு இலை பிடித்துவைக்கச் சொல்கிறேன்.