பத்து ரூபாய்க்கு என்ன கிடைக்கும்?

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று பெரிய பெரிய குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகள் இருக்கின்றன. ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களும் சுனாமியில் வீடிழந்தவர்களும் அங்கே குடியேற்றப்பட்டார்கள். இந்தப் பகுதியில் பதினைந்து வயது தாண்டிய பிள்ளைகளுக்குச் சமையலும், சமையலுக்குப் பின்னால் இருக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கிறேன். அதைப் பற்றிப் பேசச் சொன்ன நிலையத்தாருக்கு நன்றி.

ஏன் பதினைந்து தாண்டியவர்கள்? பிள்ளைகளுக்குச் சோறு போடுவதில் நம் ஊருக்கு நூறு வருடப் பழக்கம் உண்டு. 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியது. காமராஜர் காலத்தில் மதிய உணவு, 1982-இல் சத்துணவு, அப்புறம் முட்டை, 2022-இல் காலை உணவு என்று வளர்ந்தது. ஆனால் காலை உணவு தொடக்கப் பள்ளிக்குத்தான். சத்துணவும் பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். பிளஸ் ஒன் போகிற பிள்ளை அதன்பிறகு கையில் இருக்கும் பத்து ரூபாயோடு பெட்டிக்கடை முன்னால் நிற்க வேண்டியதுதான். அம்மா ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு விடியற்காலையிலேயே கிளம்பிப் போயிருப்பார்.

இந்தப் பிள்ளையிடம் போய் ஆப்பிளும் பாதாமும் பாலும் வரைந்த ‘சரிவிகித உணவு’ சார்ட்டை மாட்டினால் சிரிக்காமல் என்ன செய்யும்? இதைச் சாப்பிடு, அதைச் சாப்பிடாதே என்று பட்டியல் போடுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. காசு குறைவாக இருப்பவருக்குத்தான் காரணம் தெரிய வேண்டும். காரணம் தெரிந்தால், இருப்பதை வைத்து அவரே முடிவெடுப்பார்.

முதல் வகுப்பில் டீ போடுவோம். பால் ஊற்றாத டிகாஷன். மருந்துக் கடையில் வாங்கிய இரும்புச்சத்து மாத்திரை ஒன்றை மேல்பூச்சு போகக் கழுவி, நசுக்கி, தண்ணீரில் கரைத்து அந்த டிகாஷனில் விடுவோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே டம்ளருக்குள் பேனா மை மாதிரி கறுத்துப்போகும். டீயில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்வதால் வரும் கறுப்பு அது. வயிற்றுக்குள்ளும் அதே டானின் இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைக்கிறது. அடுத்து எலுமிச்சம்பழத்தைப் பிழிவோம். கறுப்பு வெளிறத் தொடங்கும். (வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் தயவுசெய்து அதைக் குடித்துவிடாதீர்கள்.)

பள்ளியில் வாரம் ஒரு நாள் நீல நிறத்தில் ஒரு மாத்திரை கொடுப்பார்களே, அதில் இருப்பதும் இரும்புச்சத்துதான். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய் டீயோடு விழுங்கிய பெண்கள் எத்தனையோ பேர். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். இதற்கு டீ மட்டும் காரணமில்லை. ஆனால் முருங்கைக்கீரையும் கேழ்வரகுக் களியும் சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டு, கீரையில் அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் அதே சாப்பாட்டிலிருந்து உடம்புக்குக் கூடுதல் இரும்பு கிடைக்கும். இதற்கு ஆகும் செலவு அந்த அரை மூடிதான். கறுத்த டம்ளரைப் பார்த்த பிள்ளைக்கு இதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருப்பதில்லை.

ரேஷன் அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். களையும்போது சில அரிசி மிதக்கிறது, பிளாஸ்டிக் அரிசி கலந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வரும். வீட்டில் அதைப் பொறுக்கி எறிவார்கள். அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றைப் பிசைந்து அரிசி வடிவத்தில் அழுத்தி எடுத்தது. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் கலந்தது. வகுப்பில் அதைக் கரண்டியில் வைத்துத் தீயில் காட்டுவோம். அரிசி தீய்கிற மாதிரியே தீயும், பிளாஸ்டிக் போல உருகாது. நான் வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் வேண்டியதில்லை.

பையன்களை வகுப்புக்கு வரவழைக்க ஒரே வழிதான் இருக்கிறது: பிரியாணி. சமையல் பெண்பிள்ளைகள் சமாச்சாரம் என்று வாசலிலேயே நிற்பவன்கூட தம் போடுகிற அன்று உள்ளே வந்துவிடுவான். பிரியாணி மாஸ்டர் என்றால் அவர்கள் தெருவில் தனி மரியாதை. தயிர் ஏன் கறியை மென்மையாக்குகிறது, அரிசியை ஏன் ஊறவைக்கிறோம் என்று ஆரம்பித்து, மிச்சம் விழுந்த பிரியாணியை என்ன செய்வது என்ற இடத்துக்கு வந்துவிடுவோம். அந்த இடத்தில்தான் எனக்கு வேலை.

கல்யாண மண்டபத்தில் மிஞ்சியதை அண்டாவோடு கொண்டுவந்து தெருவில் பங்குபோடுவது வழக்கம். இரவெல்லாம் மூடிய அண்டாவில் வெதுவெதுப்பாகக் கிடக்கும். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். சோறு வெந்தாலும் அவை சாவதில்லை. வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகும். சில சமயம் அவை உண்டாக்கும் நச்சு, மறுநாள் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கினாலும் அழியாது. ‘சுடவைத்தால் சரியாகிவிடும்’ என்பது நம் வீடுகளில் வேதவாக்கு, அது பொய். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் செய்யக்கூடியது, வாங்கி வந்த உடனே அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து, தூங்கப்போவதற்குள் சாப்பிட்டு முடிப்பது. மிஞ்சினால் கொட்ட வேண்டும். கொட்டுவது பாவம் என்று பாட்டிகள் சண்டைக்கு வருவார்கள், அதையும் சமாளிக்க வேண்டும்.

பெட்டிக்கடைக்கு வருவோம். பொட்டலத்தின் பின்னால் இருக்கும் பொருட்பட்டியலில் எது அதிக எடையோ அது முதலில் வரும், இது சட்டம். நாலு கிராம் சர்க்கரை ஒரு ஸ்பூன். இந்த இரண்டும் தெரிந்தால் போதும். கால் லிட்டர் கோலாவில் ஆறு ஸ்பூனுக்கு மேல் சர்க்கரை இருப்பதைப் பிள்ளைகளே கணக்குப் போட்டு, எடுத்துக் கொட்டிப் பார்ப்பார்கள். பத்து ரூபாய்க்கு வேறு என்ன கிடைக்கும்? அவித்த முட்டை ஒன்று, இல்லையென்றால் ஒரு பொட்டலம் வேர்க்கடலை. வேர்க்கடலையில் ஏறக்குறைய கால் பங்கு புரதம். அதற்காகக் கோலாவை விட்டுவிட்டார்களா என்று கேட்டால், இல்லை. வெள்ளிக்கிழமை மட்டும் குடிக்கிறேன் என்று ஒரு பையன் சொன்னான். எனக்கு அது போதும்.

எங்களுக்கு இடம்தான் பிரச்சினை. ஒரு அறை வீட்டில் பத்துப் பேரை வைத்துச் சமைக்க முடியாது. ஆனால் பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் சத்துணவுக் கூடம் இருக்கிறது. அடுப்பு, அண்டா, தண்ணீர் எல்லாம் உண்டு. மதியம் இரண்டு மணிக்குப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு பூட்டியே கிடக்கிறது. வாரம் இரண்டு சாயங்காலம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கும் அதைத் திறந்துவிடலாம். யாரிடம் சொன்னாலும் நல்ல யோசனை என்கிறார்கள். அடுத்த கேள்வி, சிலிண்டருக்கு யார் காசு கொடுப்பது? அதற்கடுத்து, சாவி யாரிடம் இருப்பது? சிலிண்டர் காசை நாங்கள் திரட்டிக்கொள்கிறோம். சாவியைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் யாராவது இப்போது கேட்டுக்கொண்டிருந்தால், அடுத்த வாரமே வகுப்பைத் தொடங்கத் தயாராக இருக்கிறோம்.

நன்றி, வணக்கம்.