ஹால் ஏர்கோன் பைப்புல இருந்து ரூமுக்கு கிளை இழுக்கலாமா? வெட்டுறதுக்கு முன்னாடி இதப் பாருங்க!

லண்டன்ல இருக்கிற நம்ம சொந்தக்காரங்க வீட்டுல ஒரு ரூம் ரொம்ப குளிருச்சுன்னா, ஓடுற ஹீட்டிங் பைப்ப நடுவுல வெட்டி 'T' ஜாயின்ட் (பைப்ப ரெண்டா பிரிக்கிற மூணு வாய் இணைப்பு) போட்டு இன்னொரு ரேடியேட்டர் (ரூம சூடாக்குற பெட்டி) மாட்டிடுறாங்க. அப்போ கேஎல்ல (கோலாலம்பூர்ல) நம்ம டெரஸ் வீட்டுல, ஹால் ஏர்கோன் பைப்புல இருந்து பக்கத்து ரூமுக்கு ஒரு கிளை இழுத்தா என்ன? வணக்கம் மக்களே! பதில மொதல்லயே சொல்லிடுறேன், முடியாது. யாராவது "செய்யலாம் அண்ணே"ன்னு கட்டரோட வந்தா கேட்டுக்கு வெளியவே நிப்பாட்டிடுங்க.

ரேடியேட்டர்ல ஓடுறது தண்ணி. பாய்லர் சூடாக்குது, பம்ப் தள்ளுது, ஒரு பைப்புல போய் இன்னொன்னுல திரும்புது. நம்ம வீட்டு தண்ணி டேங்குல இருந்து இன்னொரு குழாய் இழுக்கிற மாதிரிதான். பாய்லருக்கு தெம்பு இருந்தா போதும், ஒன்னு கூட்டி, வால்வுகள திருகி எல்லா ரூமுக்கும் சமமா பிரிச்சு விட்டு, உள்ள மாட்டுன காத்த வெளியேத்துனா வேலை முடிஞ்சுது.

(திரையில்: அவுட்டோர் யூனிட், ரெண்டு காப்பர் பைப்)

இப்போ நம்ம ஏர்கோன். ஓடும்போது அவுட்டோர் பக்கத்துல அந்த ரெண்டு பைப்பையும் பாருங்க, ஒன்னு ஒல்லி, ஒன்னு தடிப்பு. சூடா ஒன்னு போய் குளிரா ஒன்னு வருதுன்னுதானே நெனைக்கிறோம்? சாதாரண ஸ்ப்ளிட்ல (ஒரு அவுட்டோர், ஒரு இண்டோர்) ரெண்டுமே ஜில்லுனு இருக்கும்! அதனாலதான் ரெண்டுக்குமே கறுப்பு ஸ்பான்ஜ் சுத்துறாங்க. ஏன்னா கேஸ அளந்து விடுற பாகம் அவுட்டோர் உள்ளயே இருக்கு, ஒல்லி பைப்புக்குள்ள வரும்போதே பிரஷர் கொறஞ்சு குளிர்ந்துடுது. ஏர்கோனுக்குள்ள சுத்துற ஆர்32 கேஸ் சாதாரண காத்தழுத்தத்துல மைனஸ் 52 டிகிரியிலயே கொதிச்சிடும், பைப்புக்குள்ள பிரஷர் இருக்கிறதால அவ்ளோ கீழ போகாது, ஆனா நம்ம ரூம் சூடே அதக் கொதிக்க வைக்க போதும், அது கொதிச்சு ஆவியாகும்போது சூட்ட இழுத்துக்கிது. நம்ம ரூம் குளிர்றதுக்கு காரணமே ஒரு திரவம் கொதிக்கிறதுதான், எனக்கு இது எப்பவுமே அதிசயம்தான்.

அவுட்டோர் அளந்து விடுற கேஸ் ஒரே ஒரு ரூமுக்கு போட்ட அளவு. 'T' போட்டு பிரிச்சா எந்தப் பக்கம் எவ்ளோ போகும்னு யாராலயும் கட்டுப்படுத்த முடியாது. ஒரு ரூம்ல ஃபேன் நின்னுச்சுன்னா அங்க போனது ஆவியாகாம திரவமாவே, கேஸ அமுக்குற கம்ப்ரசருக்கு திரும்பும். திரவத்த அமுக்க முடியாது, கம்ப்ரசர் உடைஞ்சிடும். ரேடியேட்டர்ல தப்பா பிரிச்சா ஒரு ரூம் கொஞ்சம் குளிரும், அவ்ளோதான். இங்க மெஷினே போயிடும்.

அப்போ ஒரே அவுட்டோர்ல ரெண்டு மூணு இண்டோர் ஓடுதே? அது மல்ட்டி ஸ்ப்ளிட். அதுல ஒவ்வொரு ரூமுக்கும் தனி ஜோடி பைப், தனி வால்வு. உங்களோடது அந்த மாடலா இருந்து ஒரு ஜோடி சும்மா கெடந்தா, அதே பிராண்டுல பொருந்துற இண்டோர் மாட்டலாம். இல்லைன்னா என் ஓட்டு தனி 1 ஹெச்பி யூனிட்டுக்குத்தான், ஒன்னு கெட்டாலும் இன்னொரு ரூம்ல தூங்கலாம்ல! 1 ஹெச்பின்னா சுமாரா மணிக்கு 9,000 பிடியூ (குளிர்விக்கிற சக்தியோட அளவு), 12க்கு 12 அடி ரூமுக்கு போதும். மேல் மாடி, மேற்கு வெயில்னா 1.5 பாருங்க.

கரண்டுக்கு டிபி பாக்ஸ்ல (வீட்டு மெயின் கரண்ட் பெட்டில) இருந்து தனி லைன், சுருஹான்ஜாயா தெனாகாவுல (மலேசியா எரிசக்தி ஆணையத்துல) பதிஞ்ச வயர்மேன் வந்து செய்யட்டும். கொண்டோன்னா (அடுக்குமாடி வீடுன்னா) மேனேஜ்மென்ட் கிட்ட மொதல்ல கேட்டுடுங்க.

தண்ணி வெளியேறுற பைப்ப மறந்துடாதீங்க மக்களே. ரேடியேட்டருக்கு இந்தத் தொல்லை இல்ல. நம்ம ஊரு ஈரக்காத்துல ஏர்கோன் மணிக்கு ஒரு லிட்டர் வரைக்கும்கூட தண்ணி இழுக்கும், பைப் சரிவா இல்லைன்னா எல்லாம் கட்டில் மேலதான் சொட்டும்.

கடைசியா, ஆள் வந்ததும் வேக்கம் பம்ப் (பைப்புக்குள்ள இருக்கிற காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கிறது) இருக்கான்னு கேளுங்க. கேஸ கொஞ்சம் தொறந்து விட்டே காத்த தள்ளிடலாம்னு சொன்னா ஒத்துக்காதீங்க, உள்ள ஈரம் தங்கும், ஆர்32 தீப்பிடிக்கக்கூடியது வேற. உங்க அவுட்டோர்ல எத்தன ஜோடி வால்வு இருக்குன்னு இப்பவே போய் பாத்துட்டு கீழ எழுதுங்க, மாடலையும் போடுங்க, கூட்டலாமா வேணாமான்னு நான் பதில் சொல்றேன்.